விழுமியங்களை அன்றாடச் சங்கல்பங்களாக மாற்றுதல்: தொடக்கநிலையாளருக்கான செய்முறை விளக்கம்

கருணை, நேர்மை, நன்றியுணர்வு, எளிமை என்று தாம் உயர்வாக மதிப்பவற்றை எவரும் தயங்காமல் சொல்லிவிடுவர்; நேற்றுக் காலை எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை அவற்றுள் எதை, எந்த நேரத்தில், யாரிடத்தில் செய்தீர்கள் என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும். இந்த இடைவெளியைக் குறைப்பதற்கு நான் சில ஆண்டுகளாகக் கைக்கொண்டுவரும் முறையைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். முடிவில் உங்கள் கையில் இருக்கப்போவது மூன்று வசனங்கள் எழுதிய ஒரு பக்கம் மட்டுமே.

இதைச் சைவர், கிறிஸ்தவர், முஸ்லிம், எந்தச் சமயத்தையும் கைக்கொள்ளாதவர் ஆகிய எவரும் செய்யலாம். நான் ஆரையம்பதியில் ஒரு சைவ வீட்டில் வளர்ந்தவன். ஆதலால் எடுத்துக்காட்டுகள் அந்தப் பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். எனினும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வாழும் நமக்கு இதற்கான கருவிகள் எல்லாச் சமயங்களிலிருந்தும் முன்பே கிடைத்திருக்கின்றன என்பதும், வெளியிலிருந்து புதிய முறைகளைத் தேடவேண்டிய தேவை குறைவு என்பதும் என் கருத்து. தியானம் செய்வது எப்படி, மூச்சைக் கவனிப்பது எப்படி என்பவற்றை இங்கே எழுதவில்லை; அவற்றுக்கு வேறு பதிவுகள் நிறைய உள்ளன.

தேவையானவை

ஓர் 80 பக்கக் கொப்பி, ஒரு பேனா, வீட்டுச் சுவரில் தொங்கும் கலண்டர். இவை போதும்.

கைபேசிச் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. நினைவூட்டல் ஒலித்ததும் கையில் எடுக்கும் கைபேசியிலேயே வாட்ஸ்அப்பும் இருக்கிறது என்பது முதலாவது காரணம். இரண்டாவது காரணம் அதைவிடப் பெரியது: இத்தனை நாள் தொடர்ந்து செய்துவிட்டீர்கள் என்று செயலி எண்ணிக்காட்டத் தொடங்கியதும் அந்த எண்ணைக் காப்பாற்றுவதே நோக்கமாகிவிடுகிறது, அதற்காகச் செய்யாததையும் செய்ததாகக் குறிக்கும் ஆசை வரும். தோல் அட்டை போட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கேள்விகள் அச்சிட்டு, அதிக விலைக்கு விற்கும் நாட்குறிப்புகளும் வேண்டாம். அவற்றில் கிறுக்க மனம் வராது, கிறுக்காமல் இந்த வேலை நடக்காது. தடித்த அட்டை போட்ட சி.ஆர். கொப்பி உறுதியானது என்றாலும் கைப்பைக்குள் கனக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பயன்படுத்தும் மெல்லிய கொப்பியே இதற்கு ஏற்றது.

முதற்படி: மூன்று விழுமியங்களைத் தெரிவு செய்தல்

இணையத்தில் கிடைக்கும் ஐம்பது, நூறு சொற்கள் கொண்ட பட்டியல்களைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். அவற்றில் உள்ள எல்லாமே நல்லவை என்பதால் எல்லாவற்றையும் தெரிவு செய்யத் தோன்றும். அதற்குப் பதிலாகக் கொப்பியின் முதற்பக்கத்தில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். சிறுவயதில் வீட்டிலோ அயலிலோ யாருடைய எந்தச் செயலைப் பார்த்து இவரைப் போல இருக்கவேண்டும் என்று நினைத்தீர்கள்? எதைக் கண்டால் உங்களுக்கு உடனே கோபம் வருகிறது? எதற்காக உங்கள் பணத்தையோ நேரத்தையோ நற்பெயரையோ ஏற்கெனவே விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள்?

முதற்கேள்விக்கு என் விடை அம்மம்மா. உலையில் இடுவதற்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிட்டுத்தான் அவர் அரிசி களைவார். பானை நிறைந்ததும் அது கோயில் அன்னதானத்துக்கோ, இல்லாத வீட்டுக்கோ போகும். பகிர்தல் என்ற விழுமியத்தை நான் அந்தப் பிடியரிசியிலிருந்துதான் எடுத்தேன். இரண்டாவது கேள்வி முக்கியமானது, ஏனெனில் கோபம் பொய் சொல்வது குறைவு. வரிசையில் நிற்பவரைத் தாண்டி ஒருவர் தெரிந்த முகத்தைக் காட்டி முன்னே போவதைக் கண்டு உங்கள் இரத்தம் கொதித்தால் நீதி உங்கள் விழுமியங்களுள் ஒன்று. கிடைத்த சொற்களை மூன்றாவது கேள்வியால் வடிகட்டி மூன்றுக்குக் குறையுங்கள். நான்காவதை விட மனமில்லாவிட்டால் அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: விழுமியத்தைச் செயலாக எழுதுதல்

பெரும்பாலோர் நின்றுவிடும் இடம் இது. நானும் இங்கேதான் நெடுநாள் நின்றேன் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

கொப்பியில் கருணை என்று எழுதி, அதன் கீழே "இன்று எல்லோரிடமும் கருணையோடு இருப்பேன்" என்று எழுதிவிட்டு எழுந்து சென்றால், மாலையில் அதைச் செய்தேனா இல்லையா என்று சொல்ல வழியே இருக்காது. எல்லோரும் என்றால் யார், கருணையோடு இருப்பது என்றால் கையாலும் வாயாலும் என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு அந்த வசனத்தில் விடை இல்லை. விடை இல்லாத இடத்தில் மனம் தன் நிலைக்கு ஏற்பத் தீர்ப்பு எழுதிக்கொள்ளும். உற்சாகமான நாளில் எல்லாம் செய்ததாகவும், சோர்ந்த நாளில் தான் எதற்கும் உதவாதவன் என்றும் அது சொல்லும்.

இதற்கான வழி நம் கோயில்களில் தினமும் நடக்கிறது. அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் குருக்கள் நம் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்பார். பின்பு சங்கல்பம் சொல்லும்போது ஆண்டு, அயனம், ருது, மாதம், பட்சம், திதி, வாரம், நட்சத்திரம் என்று காலத்தை வரவரக் குறுக்கிக்கொண்டு வந்து, இந்த இடத்தில், இந்தப் பெயருடையவர், இதன் பொருட்டு, இந்தப் பூசையைச் செய்கிறார் என்று முடிப்பார். எத்துணைப் பெரிய வேண்டுதலாயினும் அது ஒரு நாளோடும் ஓர் ஆளோடும் ஒரு செயலோடும் கட்டப்பட்ட பின்னரே பூசை தொடங்குகிறது. நாம் எழுதும் வசனத்துக்கும் அதே உறுப்புகள் வேண்டும்: எப்போது, எங்கே, யாரிடம், என்ன செய்வேன், எந்த விழுமியத்தின் பொருட்டு. ஐந்தில் ஒன்று குறைந்தாலும் வசனத்தை மீண்டும் எழுதுங்கள்.

நான் வேலை செய்வது மக்கள் நாள்முழுதும் வந்துபோகும் ஒரு கருமபீடத்தில். மரியாதை என்ற விழுமியத்துக்கு நான் எழுதும் வசனம் இது: "நாளைக் காலை கருமபீடத்துக்கு முதலாவதாக வருபவரின் படிவத்தை வாங்குவதற்கு முன், அவர் முகத்தைப் பார்த்து, ஐயா, அம்மா, காக்கா, ராத்தா என்று அவருக்குரிய முறையில் அழைத்து, இரிங்க என்று சொல்வேன், மரியாதையின் பொருட்டு." முதலாவதாக வருபவர் என்பதைக் கவனியுங்கள். அன்று வரும் அனைவருக்கும் என்று எழுதியிருந்தால் பத்து மணிக்குள் வாக்கு முறிந்துவிடும். முதல் ஆளோடு வாக்கு நிறைவேறிவிடுகிறது. இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் அதுவே தொடர்ந்தால் நல்லது, தொடராவிட்டாலும் சங்கல்பம் பழுதாகவில்லை.

அம்பாறைப் பக்கத்தில் வயல் செய்யும் என் மாமாவுக்கு நீதியே பெரிது. எவருக்கும் அநீதி செய்யமாட்டேன் என்றுதான் அவரும் முதலில் எழுதினார். சிறுபோகத்தில் வாய்க்கால் தண்ணீர் குறையும் நாட்களில் அந்த வசனம் என்ன செய்யச் சொல்கிறது என்று பேசிப்பார்த்த பிறகு, "எனது முறை முடிந்ததும், வட்டை விதானை (வயல் தண்ணீரை முறைப்படுத்துபவர்) வந்து சொல்லும் வரை காத்திராமல், எனது வாய்க்கால் வாயை நானே அடைத்துவிட்டு அடுத்த வயல்காரருக்குத் தொலைபேசியில் சொல்வேன், நீதியின் பொருட்டு" என்று மாற்றினார். நீதி என்ற சொல்லை அவர் விளக்கவே இல்லை. தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தால் போதும்.

நன்றி என்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு: "இரவுச் சாப்பாடு முடிந்ததும், குசினியில், சமைத்தவரிடம் இன்றைய கறியில் எது நன்றாக இருந்தது என்று சொல்லி, நான் சாப்பிட்ட கோப்பையை நானே கழுவி வைப்பேன், நன்றியின் பொருட்டு."

எழுதிய வசனத்தைச் சோதிக்க எளிய வழிகள் உண்டு. அருகில் நிற்கும் ஒருவர் நீங்கள் அதைச் செய்ததைக் கண்ணால் காண முடியுமா என்று பாருங்கள். காண முடியாதென்றால் அது இன்னும் உணர்ச்சியாகவே இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்குள் முடியுமா என்று பாருங்கள். அது முழுவதும் உங்கள் கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்; "மகன் என் சொல்லைக் கேட்கும்படி நடப்பேன்" என்பது மகனின் கையில் இருக்கிறது, உங்கள் கையில் இல்லை. எதிர்மறை வசனங்களையும் நான் ஏற்பதில்லை. கோபப்படமாட்டேன் என்பதைச் செய்வதற்கு நாளில் ஒரு தருணம் கிடையாது. "வீட்டில் என் குரல் உயர்வதை உணர்ந்ததும் எழுந்து சென்று ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பேசுவேன்" என்று எழுதினால் தருணமும் செயலும் சேர்ந்து வந்துவிடும்.

அளவு எவ்வளவு சிறிதாக இருக்கலாம் என்று சிலருக்கு ஐயம் வரும். ஒரு பிடி அரிசி என்பது மிகவும் அற்பமான காரியம் என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். திருமூலரே இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய்ப் புல், உண்ணும்போது ஒரு கைப்பிடி, பிறருக்கு ஓர் இனிய சொல் என்றுதான் அளவு வைத்திருக்கிறார். அவை எல்லோராலும் இயலும் என்பதே அவர் அந்த அளவைத் தெரிவு செய்ததற்குக் காரணம். அதற்கு மேல் பெரிதாகத் தொடங்க வேண்டும் என்ற எண்ணம் வந்தால், அது விழுமியத்திலிருந்து வருகிறதா, பிறர் பார்க்கவேண்டும் என்ற ஆசையிலிருந்து வருகிறதா என்று ஒருமுறை யோசியுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே பிரித்துவைக்க வேண்டும். பரீட்சையில் தேறினால் காவடி எடுப்பேன், நோய் மாறினால் தீமிதிப்பேன் என்று வைக்கும் நேர்த்தி வேறு, இது வேறு. நேர்த்தி ஒரு பலன் கிடைத்த பிறகு தீர்க்கும் கடன். அதற்குரிய இடம் கோயில். கொப்பியில் எழுதும் வசனத்தில் "கிடைத்தால்", "நடந்தால்" என்று பலனைக் குறிக்கும் சொல் வரக்கூடாது.

மூன்றாம் படி: நாளில் ஏற்கெனவே உள்ள ஒன்றோடு கட்டுதல்

ஜேர்மனிய உளவியலாளர் பீற்றர் கொல்விற்சர் 1999 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையொன்றில், இதை அடையவேண்டும் என்று பொதுவாக எண்ணுவோரைவிட, இந்தச் சூழ்நிலை வந்தால் இதைச் செய்வேன் என்று முன்கூட்டியே இணைத்து வைப்போர் செய்து முடிக்கும் வாய்ப்பு அதிகம் என்று விளக்கினார். சூழ்நிலையே செயலை நினைவூட்டிவிடுவதால் அந்த நேரத்தில் மீண்டும் முடிவெடுக்கவேண்டிய சுமை குறைகிறது.

ஆகவே ஒவ்வொரு வசனத்தையும் நாளில் தவறாமல் வரும் ஒன்றோடு கட்டுங்கள். மணிக்கூட்டு நேரத்தைவிட ஒலிகளையும் இடங்களையும் நான் விரும்புகிறேன். இந்தக் கரையோரத்தில் நேரம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. ஊர்க் கோயிலின் காலைப் பூசை மணி, காத்தான்குடிப் பக்கமிருந்து வரும் பாங்கு, தேவாலய மணி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று எங்கள் வீடுகளுக்குக் கேட்காமல் இராது. என் சமயத்தின் ஒலி எனக்கு நினைவூட்டியாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மஃரிப் பாங்கு கேட்டதும் வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்குக் குரல்செய்தி அனுப்பும் சைவர் ஒருவரை எனக்குத் தெரியும். சூரியன் மறையும் நேரம் இங்கே ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை என்பதால் அது நம்பத்தக்க குறியும் ஆகும்.

இடமும் அவ்வாறே உதவும். மட்டக்களப்பு நகருக்கு வேலைக்குச் செல்லும் என் பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறுகிறது; பக்கத்தில் 1924 இல் திறக்கப்பட்ட பழைய இரும்புப் பாலம் தெரிகிறது. அந்தப் பாலத்தைக் கண்டதும் அன்றைய முதல் வசனத்தை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிக்கொள்வது என் வழக்கம். கல்முனையில் கடை வைத்திருப்பவருக்குக் கடைக் கதவைத் தூக்கும் கணமும், வயல் செய்பவருக்கு வரம்பில் கால் வைக்கும் கணமும், வீட்டில் இருப்பவருக்குத் திருநீறு அணியும் கணமும், அடுப்பு மூட்டும் கணமும் இந்த வேலையைச் செய்யும்.

கடற்கரையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இத்தகைய வழிகாட்டிகள் பலவற்றில், காலையில் கடற்கரைக்குப் போய் அலையைப் பார்த்துக்கொண்டு அமருங்கள் என்று எழுதியிருப்பார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கல்லடியிலும் நாவலடியிலும் காரைதீவிலும் கல்முனையிலும் வாழ்வோர் பலருக்குக் கடல் மனத்தை அமைதிப்படுத்தும் இடமாக இல்லை. உங்களுக்கும் அப்படியென்றால் அந்த ஆலோசனையைத் தயங்காமல் தள்ளிவிடுங்கள். வாவிக்கரை, வீட்டு முற்றம், கிணற்றடி, பஸ்ஸின் ஜன்னலோர ஆசனம் ஆகியவற்றுள் எதுவாயினும் சரியே.

நான்காம் படி: முன்னிரவில் எழுதுதல்

நாளைய வசனங்களை இன்றிரவு எழுதுங்கள். காலையில் எழுதுவதை நான் விரும்புவதில்லை. காலை நேரம் சம்பல் இடிப்பதற்கும், பிள்ளைகளின் சப்பாத்துத் தேடுவதற்கும், பஸ்ஸைப் பிடிப்பதற்கும் போதாமல் இருக்கிறது.

இதை நான் அயலாரிடமிருந்து கற்றேன். இஸ்லாமியச் சட்ட மரபுகளுள் ஒன்றான ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் பகுதி முஸ்லிம்கள் ரமழான் நோன்புக்கான நிய்யத்தை, அதாவது நோற்கும் எண்ணத்தை, சுபஹுக்கு (வைகறைக்கு) முன்னர், இரவிலேயே வைத்துவிட வேண்டும். அதுவும் மாதம் முழுவதற்கும் ஒரே தடவையில் அன்றி ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக வைக்கவேண்டும். நாள் தொடங்கும்போது எண்ணம் முன்பே அங்கே இருக்கவேண்டும், நேற்றைய எண்ணம் இன்றைக்குச் செல்லாது என்னும் இந்த இரண்டு விதிகளையும் அப்படியே கொப்பிக்கும் எடுத்துக்கொள்ளலாம். நேற்று எழுதிய வசனமே இன்றும் பொருந்துமாயின், "மேலே உள்ளபடி" என்று குறிக்காமல் முழு வசனத்தையும் மீண்டும் கையால் எழுதுங்கள். எழுதும்போதுதான் நாளை ஞாயிற்றுக்கிழமை, கருமபீடம் இல்லை என்பது நினைவுக்கு வரும்.

முதல் வாரத்தில் ஒரு வசனம் மட்டும். பழகிய பின் இரண்டு. மூன்றுக்கு மேல் ஒருபோதும் வேண்டாம்.

ஐந்தாம் படி: புள்ளியிடுதல்

மட்டக்களப்பில் நெடுங்காலம் கல்விப்பணி செய்த யேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார், பதினாறாம் நூற்றாண்டிலேயே இதற்கு ஓர் எளிய முறையை வகுத்தார். காலையில் எழுந்ததும் திருத்திக்கொள்ள விரும்பும் ஒரு குறையை மனத்தில் நிறுத்த வேண்டும். மதிய உணவுக்குப் பின் ஒருமுறையும் இரவு உணவுக்குப் பின் ஒருமுறையும் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடுகள் வரைந்து, தவறிய ஒவ்வொரு முறைக்கும் முதற்கோட்டில் முற்பகலுக்கும் இரண்டாவது கோட்டில் பிற்பகலுக்கும் ஒரு புள்ளி இடவேண்டும். நாளுக்கு நாள் புள்ளி குறைகிறதா என்று பார்ப்பது அடுத்த வேலை.

நான் இதில் ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டேன்: தவறியதற்குப் பதிலாகச் செய்ததற்குப் புள்ளி இடுகிறேன். குறைகளை எண்ணும் முறை, அதற்கு ஆன்மீக வழிகாட்டி ஒருவர் துணையிருக்கும்போது நன்றாக வேலை செய்யும். தனியே கொப்பியோடு இருப்பவர், அதிலும் ஏற்கெனவே தன்னைக் கடிந்துகொள்ளும் இயல்புடையவர், சில நாட்களிலேயே கொப்பியை மூடிவிடுவார். வசனத்தின் ஓரத்தில் செய்திருந்தால் புள்ளி, செய்யாவிட்டால் வெறும் இடம். காரணம் எழுதவேண்டாம். காரணம் எழுதத் தொடங்கினால் அது சாக்குச் சொல்லும் பக்கமாகிவிடும்.

எத்தனை நாளில் இது பழக்கமாகும் என்று எல்லோரும் கேட்கின்றனர். இருபத்தொரு நாள் என்று பரவலாகச் சொல்லப்படுவதை நம்பவேண்டாம். லண்டன் யூனிவர்சிற்றி கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் உடனாய்வாளர்களும் 96 பேரை 12 வாரங்கள் கவனித்து 2010 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலையை எட்ட எடுத்த காலத்தின் இடைநிலை அளவு 66 நாள் என்றும், ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபடும் என்றும் மதிப்பிட்டனர். இடையில் ஒரு நாள் தவறுவது முன்னேற்றத்தை அவ்வளவாகப் பாதிக்கவில்லை என்பதையும் அவர்கள் கண்டனர். இந்தக் கடைசிச் செய்தி தொடக்கநிலையாளருக்கு மிகவும் பயன்படும். முதலில் கந்தசஷ்டி விரதத்தைப் போல ஆறு நாளுக்கு என்று எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். அந்த ஆறு நாளும் முடிந்தபின் தொடர்வதா, வசனத்தை மாற்றுவதா என்று முடிவு செய்யலாம்.

ஆறாம் படி: போயா நாளில் திரும்பிப் பார்த்தல்

மாதத்துக்கு ஒருமுறை கொப்பியை முழுமையாகப் புரட்டிப் பார்க்கவேண்டும். அதற்கு முழுநிலா நாளான போயாவைவிட வாய்ப்பான நாள் இந்த நாட்டில் கிடையாது. அது விடுமுறை, கலண்டரில் முன்பே குறித்திருக்கிறது, பறுவத்தில் கோயிலுக்குச் செல்வோருக்கும் ஏற்றது. அன்று பார்க்கவேண்டியது எந்த வசனத்தின் ஓரத்தில் வெற்றிடம் அதிகம் என்பதை மட்டுமே. வெற்றிடம் அதிகமான வசனம் பெரும்பாலும் தவறான இடத்தில் கட்டப்பட்டிருக்கும். விழுமியத்தை மாற்றாமல் கட்டிய இடத்தை மாற்றிப் பாருங்கள். அதன் பிறகும் வெற்றிடமாகவே இருந்தால் அந்த விழுமியம் உண்மையில் உங்களுடையதா, நல்லவர் என்று பெயர் வாங்க எழுதியதா என்று முதற்படியின் மூன்றாவது கேள்வியை மீண்டும் கேளுங்கள்.

வாசகர் கேட்டவற்றால் பின்னர் சேர்த்தவை

மருத்துவமனையில் இரவுப் பணி செய்யும் தாதியர் ஒருவர், தனக்கு முன்னிரவு என்று ஒன்று இல்லையே என்று எழுதியிருந்தார். பணி முடிந்து வந்து உறங்கச் செல்வதற்கு முந்திய நேரத்தை உங்கள் இரவாகக் கொள்ளுங்கள். பணிநேரம் வாரத்துக்கு வாரம் மாறுபவர்கள் ஒலிகளை நம்பாமல் சீருடை அணிதல், கை கழுவுதல் போன்ற, எந்த நேரப் பணியிலும் வரும் செயல்களோடு வசனத்தைக் கட்டவேண்டும். நோயாளியின் கட்டிலுக்கு அருகே சென்றதும் முதலில் அவரைப் பெயர் சொல்லி அழைப்பேன் என்று அவரே எழுதிக்கொண்ட வசனம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நிய்யத் உள்ளத்தில் வைப்பதுதானே, அதை ஏன் எழுதவேண்டும் என்று ஏறாவூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். வணக்கத்துக்குரிய நிய்யத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அது மார்க்க அறிஞரிடம் கேட்கவேண்டியது. இங்கே கொப்பியில் எழுதச் சொல்வது, நாளை மாலை நினைவு நம்மை ஏமாற்றாமல் இருப்பதற்காக மட்டுமே.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் நாட்களில் கொப்பியை என்ன செய்வது என்ற கேள்வி அம்பாறைப் பக்கத்திலிருந்து வந்தது. கோயில் கதவு திறந்தது முதல் நிறைவுச் சடங்கான குளிர்த்தி முடியும் வரை நம் வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை, வீடு வாசல் கழுவப்படுகிறது, உறவினர் வந்துபோகின்றனர். நாளின் ஒழுங்கே மாறிவிடுகிறது. அந்நாட்களில் புதிய வசனம் எழுதவேண்டாம். சடங்குக்காக வீட்டார் முன்பே ஏற்றிருக்கும் ஒழுங்குகளுள் ஒன்றைத் தெரிவு செய்து, அதையே ஐந்து உறுப்புகளோடு எழுதி, அதற்குப் புள்ளியிடுங்கள். பலரும் இவ்வாறு செய்யும்போதுதான் வாசல் கழுவுவது இவ்வளவு காலமும் வீட்டில் யாருடைய வேலையாக இருந்தது என்பது தெரியவருகிறது.

கட்டாரில் வேலை செய்யும் ஒருவர், தங்குமிடத்தில் எட்டுப் பேர் ஓர் அறையில் இருப்பதால் எழுதுவதற்குத் தனிமை இல்லை என்றார். அவருக்கு மட்டும் என் விதியைத் தளர்த்தி, வசனத்தைக் குரல்செய்தியாகத் தனக்குத் தானே அனுப்பிக்கொள்ளலாம் என்று சொன்னேன். வேலைத்தள வாகனத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் அதைக் கேட்கிறார்.

கணவனும் மனைவியும் ஒரே கொப்பியில் எழுதலாமா என்று இருவர் கேட்டிருக்கின்றனர். வேண்டாம். ஒருவரது வெற்றிடத்தை மற்றவர் எண்ணத் தொடங்கிவிடுவார். பிள்ளைகளைச் சேர்ப்பதாயின் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களாக இருக்கட்டும், நாளுக்கு ஒரு வசனம் மட்டும் இருக்கட்டும், அதை அவர்களே தெரிவு செய்யட்டும், அவர்கள் கேட்காமல் அவர்களது கொப்பியைத் திறக்காதீர்கள்.